பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?

டோக்கன் கூப்பிடும் வேலைக்கு மூளை வேண்டாம், தொண்டை இருந்தால் போதும் என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கோ தொண்டை ஒன்று, குரல் நாற்பது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நேரம். ஹெட்மாஸ்டர் குரலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையன்களை ஜன்னல் வழியாக மிரட்டினேன். பால் பூத்காரர் குரலில் "பால் தீந்துபோச்சு" என்று கூவி ஒரு பிளாக்கையே கலைத்தேன். இதற்குமேல் தாங்காது என்று அப்பா என்னைத் தரதரவென்று இழுத்துப்போய் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருந்த டாக்டரம்மா கிளினிக்கில் விட்டார். ஏதாவதொரு கிளினிக் பெஞ்சில் டோக்கனைப் பிசைந்துகொண்டு "அடுத்தது நாமதானே?" என்று கழுத்தை நீட்டியிருக்கும் அன்பர்களே, உள்ளே நின்று கூப்பிடுகிறவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரே கேள்வி

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்புக்குள் கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, வெளியே எதற்குக் கிளினிக் என்பீர்கள். பர்மனென்ட் ஆளுக்கும், அவர் கார்டில் பெயர் ஏறிய குடும்பத்துக்கும் அங்கே எல்லாம் இலவசம். கார்டில் ஏறாத மச்சான், கொழுந்தியாள், சின்ன மாமனார் வகையறா எங்களிடம் வரும். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கார்டே கிடையாது. அவர் குடும்பத்தோடு எங்களிடம்தான் வருவார்.

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால், சம்பாதிக்கிறவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" பர்மனென்ட் என்றால் ஃபீஸ். கான்ட்ராக்ட் என்றால் ஒன்றும் வேண்டாம். மருந்து, ஊசி எல்லாம் பர்மனென்ட் ஆள் கட்டிய ஃபீஸிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். அத்தாட்சி எதுவும் கேட்கமாட்டார். வாய் வார்த்தைதான்.

என் முதல் நாளில், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒருவர் இருமிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் இருமி முடித்து, மூச்சு வாங்கி, நிதானமாகச் சொன்னார்: "இருமலு பர்மனென்ட்டுங்கம்மா. வேலதான் கான்ட்ராக்ட்டு."

கிழிந்த பனியன்

இந்த ஏற்பாடு டவுன்ஷிப் முழுக்கப் பரவியது. பரவியதும் என்ன ஆகும்? ஊரில் திடீரென்று ஏழைகள் பெருத்துப்போனார்கள். ஸ்கூட்டரை டீக்கடை ஓரமாக நிறுத்துவது, பாண்ட்டை டிக்கியில் திணித்துவிட்டுப் பழைய லுங்கியைச் சுற்றுவது, கம்பெனி கொடுத்த ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வருவது. ஆனால் ஷூ போட்ட கால் போடாத கால் ஆகிவிடுமா? கணுக்காலுக்குக் கீழே பனைநுங்கு மாதிரி வெள்ளையாக இருக்கும்.

கிரேன் ஆபரேட்டர் ஒருவர் அப்படித்தான் கிழிந்த பனியனோடு மாமியாரைக் கூட்டிவந்தார். "கான்ட்ராக்ட்டுங்கம்மா. பஸ்ஸுக்குக் காசில்லாம நடந்தே வந்தோம்" என்று குரலை நடுங்கவிட்டார். நடுக்கம் நன்றாகத்தான் இருந்தது. நானே இரண்டு மார்க் கூடப் போட்டிருப்பேன். விரலில் மட்டும் ஸ்கூட்டர் சாவி கிலுகிலுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் தேசிங்கு அண்ணன் மாமியாரின் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க?" என்று கேட்டார். அந்தம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது: "நான் எதுக்கு நடக்கணும்? புது வண்டில, பின்னாடி சாஞ்சுக்கற சீட்டுல ஒக்காந்துல்ல வந்தேன்!"

மாமா போட்ட வேஷம்

அடுத்த வாரம் நான் டோக்கன் கூப்பிட்டதும் எழுந்து வந்தவர் என் சொந்தத் தாய்மாமா. சங்கரன் மாமா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அசல் பர்மனென்ட். திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருஷமாகியும் நாக்கு இன்னும் தாமிரபரணியிலேயே நீந்திக்கொண்டிருந்தது. வயிற்றுவலிக்கார மச்சினனைக் கூட்டிவந்தவர், என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார். உள்ளே போய், பக்கத்துக் கிராமமான வடக்குத்து ஆளாக மாறினார்.

"இன்னாம்மா, நா கான்ட்ராக்ட்டு தாம்லா. வூட்ல ரொம்பக் கஷ்டம் பாத்துக்கிடுங்க. அடுப்பு எரியாம கெடந்துகினு இருக்குலா."

நாற்பது குரல்காரனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். வடக்குத்து வாயையும் கெடுத்து, திருநெல்வேலி வாயையும் கெடுத்து, இரண்டுக்கும் நடுவில் யாரும் பேசாத ஒரு பாஷை. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "இவரை உனக்குத் தெரியுமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்: "நீ யாருல தம்பி? ஒன்ன எங்கியோ பாத்தமாரி கீதே!"

காலி அலமாரி

சிரித்துக்கொண்டிருந்தவன் ஒரு சாயங்காலம் சிரிப்பை நிறுத்தினேன்.

வடக்குத்து கலியபெருமாள் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் ஆள். அவர் மகள் செல்விக்கு ஏழு வயது. முட்டி வீங்கிக் காய்ச்சலும் வந்துபோன பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி தவறாமல் போடவேண்டும், தவறினால் காய்ச்சல் திரும்பி இதயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு ஊசி நாள். அலமாரியைத் திறந்தால் பஞ்சு மட்டும்தான் இருந்தது. பெஞ்சு நிறைய ஆள், மச்சினனோடு சங்கரன் மாமாவும் இருந்தார்; கேட்டால் எல்லோரும் கான்ட்ராக்ட். ஃபீஸ் வந்து பத்து நாளாகியிருந்தது. டாக்டரம்மா கைக்காசும் போட்டுப் பார்த்துவிட்டார். "வடலூர் மெடிக்கல்ஸ்ல இனி கடன் இல்லைன்னுட்டாங்க, கலியபெருமாள்" என்றார். அவர் குரலை எனக்கு மிமிக்ரி செய்யவே வராது. அன்றைக்கு அந்தக் குரலே அவருக்கும் சரியாக வரவில்லை.

பெஞ்சில் வாக்குவாதம் கிளம்பியது. மாமியாரோடு மறுபடியும் வந்திருந்த கிரேன்காரர் நியாயம் பேசினார்: "இதெல்லாம் கவர்மென்ட் செய்யணும். ஊர்ல உழைக்கிறவன்தான் ஊரான் புள்ளைக்கும் ஊசி வாங்கித் தரணுமா?"

கலியபெருமாள் மகளை மடியில் சரித்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "கவுருமெண்டு வர்ற வரிக்கும் இந்தக் காய்ச்சல கொஞ்சம் வெளிய நின்னுகினு இருக்கச் சொல்லட்டுங்களா?"

அரியர்ஸ்

 அதைக் கேட்டதும் எனக்கு வாய் நமநமத்தது.

பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டு பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் போனேன். கம்பெனி டைம் ஆபீஸ் அறிவிப்புக்காரருக்கு மூக்கடைத்த குரல். ஜீப்பில் மைக் கட்டி அவர் வரும்போதெல்லாம் டவுன்ஷிப்பே காதைத் தீட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்: "தொழிலாளத் தோழர்களின் கவனத்துக்கு! சம்பள நிலுவை, அரியர்ஸ் பட்டுவாடா! கேஷ் கவுண்டர் இன்னும் அரை மணி நேரத்தில் மூடப்படும்! பர்மனென்ட் தொழிலாளர்கள் மட்டும்! பர்மனென்ட் மட்டும்!"

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பெஞ்சு கவிழ்ந்தது. லுங்கியைத் தூக்கிக்கொண்டு முதலில் பாய்ந்தவர் என் தாய்மாமா. மச்சினன் "அத்தான், வயிறு!" என்று அலற, "வயித்தைப் பொறவு பாக்கலாம்ல, இருல அங்கன!" என்று தூய திருநெல்வேலியில் கத்திக்கொண்டே ஓடினார். பின்னாலேயே கிரேன்காரர். ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சீறின. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவர்கள் கலியபெருமாள், செல்வி, இரண்டு பெண்கள், மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர். அப்புறம், ஓடியவர்கள் விட்டுவிட்டுப் போன மாமியார்கள், மச்சினன்கள்.

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

கேஷ் கவுண்டரில் ஈ காக்காய்கூட இல்லையென்று கண்டு கூட்டம் திரும்பியது. திரும்பித்தானே ஆகவேண்டும்? மாமியாரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு யார் போடுவது? டாக்டரம்மா அதே வாசலில் நின்றபடி, ஒவ்வொருவரிடமும் சிரித்த முகமாக, "வாங்க, அரியர்ஸ் வாங்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.  கிரேன்காரர் டிக்கியிலிருந்து பாண்ட்டை எடுத்து, அதன் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். மாமா பழைய ஃபீஸையும் சேர்த்தே வைத்தார். வைக்கும்போது என் மூக்கையே உற்றுப் பார்த்தார். நான் தும்மினேன்.

தேசிங்கு அண்ணன் வடலூருக்கு சைக்கிளை மிதித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மருந்தோடு வந்துவிட்டார். டாக்டரம்மா ஊசியை ஏற்றும்போது, கொடுத்தவர்கள் எல்லாம் தங்கள் காசு எங்கே போகிறது என்று பார்க்க ஜன்னலில் முண்டியடித்தார்கள். கலியபெருமாள் மகளிடம், "இவுங்க எல்லாரும் சேந்து குடுத்த ஊசிம்மா இது, கும்புடு போடு" என்றார். ஊசி இறங்கியது. செல்வி கிளினிக்கே அதிர ஒரு கத்துக் கத்திவிட்டு, ஜன்னலில் தெரிந்த அத்தனை முகங்களையும் முறைத்தாள்: "இத்தினி பேரு காசு போட்டு எனக்கு வலிக்க வெச்சீங்களே, நீங்கள்லாம் நல்லாருப்பீங்களா?"

ஊராருக்கு வைத்தியம் பார்க்க யார் பணம் கட்டவேண்டும் என்று பெரியவர்கள் எந்த மேடையில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், டோக்கன் கூப்பிட்ட அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அரியர்ஸ் என்ற சத்தம் கேட்டதும் எவர் எழுந்து ஓடுகிறாரோ அவர்தான்.