நோகாத கால்

அருந்ததியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த அன்று, ஜெயகௌரி ஆஸ்பத்திரி விறாந்தையில் வாங்குப் பலகையில் இருந்தபடி தன்னுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது, இவளுக்கு நாற்பத்திரண்டு. தகப்பன் மார்க்கண்டுவுக்கும் இப்படித்தான் நடந்தது. முதலில் பெருவிரல், ஆறு மாதம் கழித்துப் பாதிப் பாதம், பிறகு கால். ஐம்பத்தெட்டாவது வயதில் ஆளே போய்விட்டார். சலரோகம், அந்தச் சீனி வியாதி, அந்தக் குடும்பத்தில் மூத்தவரிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜெயகௌரிக்கு அது வந்து ஆறு வருடம்.

கோப்பாயில் ஒரு உப தபால் கந்தோரில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலை. தினமும் அரை மணித்தியாலமாவது நடக்கும்படி கிளினிக்கில் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில நாள் நடந்தாள், பல நாள் நடக்கவில்லை. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் விடியற்காலை நடக்கவென்று வெளிக்கிட்டவள், ஒழுங்கை முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். இருநூறு யார் தூரம் ஓடியிருப்பாள். மூச்சு அடைத்து மதகில் குந்தி அழுதாள். அடுத்த நாளும் போனாள்.

இரண்டு மாதத்தில் சப்பாத்து வாங்கினாள். கைதடி வீதி நீரேரிக்குக் குறுக்கே போகிற இடத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், வீடு வாசல் இல்லை, காற்று மட்டும்தான். அங்கே ஓடினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தாள். ஆனால் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அந்த வழியால்தான் போனார்கள். தபால் கந்தோர் மனுசி யாருக்குப் பயந்து ஓடுகிறாள் என்று கேட்டுச் சிரித்தார்கள். நாய்களுக்காக ஒரு தடியோடு அவளுடைய கணவன் சுதாகரன் சைக்கிளில் பின்னால் வந்தான். சுன்னாகத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்ப்பவன்; அதிகம் கதைக்கமாட்டான். மூன்று மாதம் அப்படி வந்துவிட்டு, இனி நாய்கள் உன்னை அடையாளம் கண்டுவிடும் என்று சொல்லி நின்றுகொண்டான்.

அருந்ததி கல்யாணம் செய்யவில்லை. அதே வளவுக்குள், முன்பக்க அறையில் இருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தவள். கால் மிதி மெசினில் முப்பது வருடம் தைத்திருந்தாள். மெசினுக்கு மோட்டார் பூட்டிக் கொடுத்தார்கள், அவள் அதைத் தொடவில்லை. விடிய எழும்பி ஜன்னலடியில் இருப்பாள். ஒரு நாள் தங்கச்சி படியில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“கௌரி, ஓடுறதெண்டால் ஓடு. என்ரை கண்ணுக்கு முன்னாலை சப்பாத்துப் போடாதை.”

அதன் பிறகு ஜெயகௌரி கிணற்றடிக்குப் பின்னால் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் திருடியைப் போல வெளியே போனாள்.

கஜானனை அவள் சந்தித்தது அந்த வீதியில்தான். வங்கியில் வேலை செய்கிறவன், முப்பது வயது, யாழ்ப்பாணத்தில் ஒரு ஓட்டக் குழுவை நடத்திக்கொண்டிருந்தான். அவள் தனியாக ஓடுவதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னான். போனாள். இருபது இருபத்தைந்து பேர் ஒரே நிற ரீசேட்டில் நின்றார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து ஓடிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. போதைக்கு எதிராக, புற்றுநோய்க்காக, சமாதானத்துக்காக. எதற்காக ஓடுகிறோம் என்பது ரீசேட்டின் முதுகில் எழுதியிருக்கும். ஜெயகௌரி அதைப் போட்டுக்கொண்டு, தன் முதுகில் என்ன எழுதலாம் என்று யோசித்திருக்கிறாள். காலைக் காப்பாற்ற என்று எழுதினால் மற்றவர்கள் சங்கடப்படுவார்கள்.

ஆனால் ஓட்டம் வேலை செய்தது. அதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம். ஒன்பது புள்ளி எட்டாக இருந்த மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு ஒரு வருடத்தில் ஆறு புள்ளி ஏழுக்கு இறங்கியது. டொக்டர் மற்ற நோயாளிகளுக்கு அவளைக் காட்டிப் பேசினார். கஜானன் அவளுடைய படத்தைப் போட்டு, ஓடியே சலரோகத்தை வென்ற பெண் என்று முகநூலில் எழுதினான். இரவில் நெருப்பில் வைத்ததுபோல எரிந்துகொண்டிருந்த உள்ளங்கால்கள் ஒரு நாள் எரிவதை நிறுத்தின. நரம்பு தெளிந்துவிட்டது என்று அவள் சந்தோசப்பட்டாள்.

கிளினிக்கில் கால் சோதிக்கிற நாள் ஒன்று உண்டு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன்பிடி நூல் போன்ற ஒரு நைலோன் துண்டால் தாதி பாதத்தைத் தொடுவாள். பட்டால் ஓம், படுகிறது என்று சொல்லவேண்டும். ஜெயகௌரி கண்ணை மூடிக்கொண்டு நூல் தொடும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ஓம் என்றாள். பிறகும் ஒரு ஓம். மூன்றாவது தடவை அவள் ஓம் சொன்னபோது தாதியிடமிருந்து சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். நூல் தாதியின் கையில் இருந்தது.

“நான் இன்னும் தொடேல்லை அம்மா,” என்றாள் தாதி.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலுக்கான கிளினிக்குக்கு வரும்படி துண்டு எழுதிக் கொடுத்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெயகௌரி வல்லை வெளி வரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டம் ஓடினாள். தை மாதம் சென்னையில் முழு மரதன் இருந்தது. கஜானனின் குழுவிலிருந்து ஆறு பேர் போவதாக ஏற்பாடு, விசாவும் வந்திருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடுகிற உடம்பை யாரும் துண்டு துண்டாக வெட்டமுடியாது என்று அவள் நம்பினாள். யாருக்கும் சொல்லாத நம்பிக்கை. கோயிலில் வைக்கிற நேர்த்தியைப் போல அதைத் தனக்குள் வைத்திருந்தாள்.

பலாலியிலிருந்து பறந்தால் சென்னை ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. அங்கே ஓட்டம் தனி உலகமாக இருந்தது. இலக்கம் வாங்கப் போன மண்டபத்தில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோச். சப்பாத்தின் அடித்தடிப்பைப் பற்றி இரண்டு பேர் கால் மணித்தியாலம் கதைத்தார்கள். யாரைக் கண்டாலும் முதலில் டைமிங் என்ன என்று கேட்டார்கள். ஊரில் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டே அவளைக் களைக்கப் பண்ணியிருந்தார்கள். இங்கே அந்தக் கேள்வி ஒருவருக்கும் வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

இருட்டோடு தொடங்கினார்கள். மேளம் அடித்தார்கள். நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தில் பெயரைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்கள் “கௌரி, சூப்பர் கௌரி” என்று கூப்பிட்டார்கள். சேலையை வரிந்து கட்டிய ஒரு அம்மா அவளை முந்திக்கொண்டு போனார். கடற்கரை வீதியில் விடிந்தது. இருபது கிலோமீற்றர் வரை அவள் இப்படி ஒரு சந்தோசத்தை அறிந்ததில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் விளக்குமாறோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஓடுகிறவர்கள் எறிகிற கடதாசிக் குவளைகளை, கூட்டம் விலகிய இடைவெளிகளில் ஓடி வந்து பொறுக்கினார்கள். ஜெயகௌரிக்குத் தகப்பனின் ஞாபகம் வந்தது. அவர் வெங்காயத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை குனிந்து நின்றவர். அந்த உழைப்பு அவருடைய காலைக் காப்பாற்றவில்லையே, என்னுடைய ஓட்டம் எப்படிக் காப்பாற்றும் என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

முப்பதாவது கிலோமீற்றரில் வலது கால் மேஸ், சப்பாத்துக்குள் போட்ட காலுறை, நனைந்திருப்பதுபோல இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டதால் என்று நினைத்தாள். தண்ணீர் மேசையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் குவளையை நீட்டியவள், கீழே பார்த்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்தாள்.

“அக்கா, ஷூ பூரா ரத்தம். உக்காருங்க முதல்ல.”

வீதி நடுவிலிருந்த சீமெந்துக் கட்டின்மேல் இருந்தபடி சப்பாத்தைக் கழற்றினாள். மேஸோடு தோலும் வந்தது. விரல்களுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில், ஐந்து ரூபா நாணயக் குற்றியளவு சதை சிவந்து திறந்திருந்தது. ஜெயகௌரி அதை விரலால் தொட்டாள். ஒன்றும் இல்லை. அழுத்தினாள். நகத்தால் கீறினாள். வேறு யாருடையதோ கால் மாதிரி அது அவளுடைய மடியில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் ஓம் சொன்னதும், தாதியின் கையில் இருந்த நூலும் அப்போதுதான் அவளுக்கு முழுமையாக விளங்கின.

அந்தப் பெண் அம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். சுகர் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

“இல்லை,” என்றாள் ஜெயகௌரி.

துணியைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். சப்பாத்தைப் போட்டாள். மிச்சம் பன்னிரண்டு கிலோமீற்றரையும் ஓடினாள். ஒவ்வொரு அடியிலும் அந்த இடம் அரைபடுகிறது என்று தெரிந்துகொண்டே ஓடினாள். நோகவே இல்லை. ஆறு மணித்தியாலம் பதினொரு நிமிடம். கழுத்தில் பதக்கம் போட்டுப் படம் எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்தாள், சந்தோசத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஏன் நிற்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். கணவனிடம் காயம் பெரிதாகத் தெரியவில்லை என்றாள். கஜானனிடம் வாகனம் வரவில்லை என்றாள். அக்காவுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள்.

“நிண்டிருந்தால் இனி ஒருநாளும் ஓட விடமாட்டினம் எண்டு தெரியும் அக்கா. கால் முழுசா இருக்கேக்கை ஓடி முடிப்பம் எண்டு நினைச்சன்.”



ஊருக்குத் திரும்பிய பிறகு காயத்தை ஐந்து நாள் மறைத்தாள். தானே கழுவி, தானே துணி கட்டி, மேஸ் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனாள். ஐந்தாம் நாள் பின்னேரம் வீட்டுக்குள் ஒரு மணம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று சுதாகரன் அலுமாரியை இழுத்தான். குசினியில் அரிசி வாளியை நகர்த்திப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே ரோச் லைற் அடித்துக்கொண்டு நிலத்தில் படுத்துத் தேடினான். அவள் கட்டிலில் இருந்தபடி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, அவன் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள். “எலி இல்லை.”

அவன் நிலத்தில் இருந்தபடி அவளுடைய மேஸைக் கழற்றினான். ஏசவில்லை. பிறகு எழும்பிப் போய் ஓட்டோ பிடித்து வந்தான்.

நஞ்சு எலும்பு வரை போயிருந்தது. இரண்டாவது, மூன்றாவது விரல்களையும் அவற்றின் அடி எலும்பையும் எடுத்தார்கள். பெருவிரலைப் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். இனி ஓடுவது என்ற கதையே இல்லை. வேகமாக நடப்பதும் வேண்டாம். ஓடாமல் விட்டதும் சீனி மறுபடி ஏறியது, ஏறியதால் காயம் ஆறவில்லை, ஆறாததால் நடக்கமுடியவில்லை. அந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு பொட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

கஜானன் வார்ட்டுக்கு வந்தான். தன்னுடைய படத்தை எடுத்துவிடும்படி அவள் கேட்டாள். அன்றைக்கே எடுத்துவிட்டான். அதற்குள் அது வேறு பல பக்கங்களுக்குப் போயிருந்தது. உங்களைப் பார்த்து நானும் ஓடத் தொடங்கியிருக்கிறேன் அக்கா என்று முன்பின் தெரியாத பெண்கள் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து ஒருத்தி, வவுனியாவிலிருந்து ஒருத்தி. மருந்தேறாத கையால் ஜெயகௌரி ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத் தட்டினாள்: முதலில் உங்கள் காலை டொக்டரிடம் காட்டுங்கோ, நூல் தொடுவது தெரிகிறதா என்று பாருங்கோ. சிலர் நன்றி சொன்னார்கள். பலர் இதயம் ஒன்றை அனுப்பிவிட்டு, தாங்கள் ஓடிய தூரத்தைப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இப்போது ஏழாவது கிழமை. அருந்ததி ஊன்றுகட்டையோடு காலையில் தங்கச்சியின் அறைக்கு வருவாள். கதிரையில் இருந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, அவித்து ஆறிய தண்ணீரால் கழுவுவாள். தைத்த கை, பஞ்சைப் பிடிக்கிற விதமே வேறு.

நேற்றுக் காலை பெருவிரலின் ஓரம் கொஞ்சம் கறுத்திருந்ததை இருவரும் கண்டார்கள். வெள்ளிக்கிழமை கிளினிக். அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

“அக்கா, நோகுதோ எண்டு என்னைக் கேக்காதை, எனக்குத் தெரியாது,” என்றாள் ஜெயகௌரி. “மணக்குதோ எண்டு பார்.”

அருந்ததி குனிந்தாள். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தாள்.

“இண்டைக்கு மணக்கேல்லை,” என்றாள்.

புதுத் துணியை எடுத்து, விரல்கள் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து, கட்டத் தொடங்கினாள்.