உள்ளான்களுக்காக நின்ற இடம்

நாங்கள் குடியிருக்கும் சீத்தா கேம்ப்புக்குப் பின்னால், கடல் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றில் குளிர்காலம் முழுவதும் கொசு உள்ளான் பறவைகள் மேயும். சிட்டுக்குருவி அளவுதான். ஆனால் சைபீரியாவிலிருந்து வருகின்றன. செம்பூர் கிளினிக்கில் டியூட்டி முடிந்ததும் பைனாகுலரோடு அங்கே போய்விடுவேன்.

“ஆம்பளைங்க ஒதுங்குத எடத்துல போயி நின்னா நாலு பேரு என்ன பேசுவாவ?” என்பார் கணவர்.

“நான் நாலு பேரப் பாக்கப் போகல. உள்ளானப் பாக்கப் போறேன்.”

அது ஏப்ரல். திரும்பிப் பறக்கும் முன் அவை தலைநிமிராமல் தின்னும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும் ஏற்றிய லாரி ஒன்று சேற்றை நோக்கி ரிவர்ஸில் வந்தது. ஓடிப்போய் அதன் பின்னால் நின்றேன்.

டிரைவர் இறங்கி, “ஏ பாயி, ஹட்டோ!” என்று இந்தியில் கத்தினார். நான் அசையவில்லை. என் கழுத்துச் சிலுவையையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். “யக்கா, நம்மூரா? தள்ளுங்க. வெறும் சேறுதான, யாருக்கு வேணும்?”

“அதுகளுக்கு வேணும். இங்க தின்னாத்தான் அம்புட்டுத் தூரம் பறக்க முடியும்.”

“குருவிக்காவா லாரிய மறிக்கிய?”

“ஆமா. கொட்டணும்னா எம்மேல கொட்டு.”

நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தேன். அவர் யாருக்கோ போன் போட்டார், என்னைத் திட்டினார், கடைசியில் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் நான் டியூட்டியில் இருந்தபோது வேறு யாரோ வந்து இன்னொரு மூலையில் கொட்டிவிட்டார்கள்.

அழவில்லை. கூட வேலை செய்பவளிடம் சொல்லி மராத்தியில் மனு எழுதி வாங்கினேன். மாநகராட்சி ஆபீசில் இருந்தவர், “உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். “அங்கதான் இருக்கேன்” என்று இந்தியில் சொல்லி, முத்திரை குத்தும்வரை அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் கரையில் நின்றேன். நாலாம் நாள் கணவரும் வந்தார். பறவைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரி வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் சேறு காலியாக இருந்தது. எல்லாம் கிளம்பிப் போயிருந்தன.

மழைக்காலம் முடிந்து அவை வந்து இறங்கியபோதும் மூலையில் கொட்டிய அந்தக் கல்மண் குவியல் அகற்றப்படவில்லை. மூன்றாவது மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.