கங்கையைச் சேர்க்காத கணக்கு

கொல்கத்தாவில் எங்கள் டாலிகஞ்ச் குடியிருப்பின் துர்கை சிலைக்குள் ஒரு மரச்சட்டம் உண்டு. அதன்மேல்தான் வைக்கோலைக் கட்டிக் களிமண்ணைப் பூசுவார்கள். காட்டாமோ என்று பெயர். சிலையைக் கரைத்ததும் சட்டத்தை மீட்டு வந்து அடுத்த பூஜைக்கும் வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு பூஜைக் கமிட்டியில், "யாருப்பா அதைப் போய் இழுத்துட்டு வர்றது? புதுசு செஞ்சுக்கலாம்" என்று ஆரம்பித்தார்கள். கரையில் விட்டுவந்தால் மாநகராட்சி லாரியில் ஏறி விறகாகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நியூ டவுனில் ஓர் அலுவலகத்தில், காடுகள் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கணக்குப் போடுவது என் வேலை. எப்படிச் சும்மா இருப்பேன்? எழுந்துவிட்டேன். மரம் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பன், அதை வெட்டிச் சட்டமாக்கிய பிறகும் உள்ளேயேதான் இருக்கிறது. எரித்தால் அன்றைக்கே காற்றுக்குப் போய்விடும். திரும்பப் பயன்படுத்தினால் இன்னொரு மரத்தை வெட்டவும் வேண்டாம். எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள்.

"அப்போ நீயே கொண்டு வந்துடு" என்றார் கமிட்டித் தலைவர்.

சட்டத்தை நாடாவால் அளந்து, எடையும் கணக்கிட்டேன். அப்பாவும் நானும் போதும் என்றேன்.

தசமி மதியம் கங்கைத் துறையில் சிலையைக் கரைத்தோம். இளைஞர்கள் சட்டத்தைக் கரையோரம் தள்ளிவிட்டு நின்றார்கள். "நீங்க போய் இனிப்பு சாப்பிடுங்க" என்று நானே அனுப்பிவைத்தேன். சிலையைக் கொண்டுவந்த மட்டாடோர் வண்டி மேலே சாலையில் காத்திருந்தது. அப்பா டிபன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினோம். அது அசையவில்லை.

"ஏல, ரெண்டு பேரு போதும்னு எந்தப் புஸ்தகத்துலல போட்டிருக்கு?" என்றார் அப்பா.

அப்போதுதான் உறைத்தது. கார்பன் கணக்குக்கு உலர்ந்த மரத்தின் எடையைத்தான் எடுப்போம்; அதில் ஏறக்குறைய பாதி கார்பன். அலுவலகப் பழக்கத்தில் அந்த எடையையே எடுத்துவிட்டேன். கங்கையைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஊறிய வைக்கோலையும் சேற்றையும்கூட.

துறையின் அந்தக் கோடியிலிருந்து மாநகராட்சி கிரேன் ஒவ்வொரு சட்டமாகக் கவ்வி லாரியில் போட்டுக்கொண்டு வந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு சட்டங்கள்தான் பாக்கி.

"படிச்சது போதும், ஆளைக் கூப்பிடுல" என்றார் அப்பா. நான் தயங்குவதற்குள் அவரே போய்விட்டார். பக்கத்தில் பெஹாலா பகுதியிலிருந்து வந்த ஒரு கூட்டம் தங்கள் சிலையைக் கரைத்துவிட்டு, முகமெல்லாம் குங்குமமாக நின்றிருந்தது. "தாதா, கொஞ்சம் கை கொடுங்க" என்று அண்ணன் முறை சொல்லித் தன் ஓட்டை வங்காளத்தில் கேட்டார்.

அவர்களில் தொப்பை பெருத்த ஒருவர் என்னைப் பார்த்தார். "இந்த ஊறின கட்டையை வெச்சு என்ன தம்பி செய்வ? சாம்பார் வெப்பியா?"

"எரிக்கக் கூடாதுன்னுதான் தாதா எடுத்துட்டுப் போறேன். இதுக்குள்ள கார்பன் இருக்கு."

"புகையா?"

"இன்னும் வராத புகை."

அவர் தன் ஆட்களிடம் திரும்பி, "கேட்டீங்களா, வராத புகைக்குத் தோள் கொடுக்கணுமாம்!" என்றார். சிரித்துக்கொண்டே ஏழு பேர் இறங்கினார்கள். அப்பா "ஐலசா" என்றார், அவர்கள் "ஹேய்யோ" என்றார்கள். கிரேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, சட்டம் படியேறி மட்டாடோரில் விழுந்தது. வண்டி ஒரு முறை குனிந்து எழுந்தது.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். தொப்பைக்காரர் கேட்கவில்லை. கிரேன் அடுத்ததாகக் கவ்வவிருந்த தங்கள் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நம்மளது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றபடி வேட்டியை மடித்துக்கட்டினார். "வாங்கப்பா. தம்பி, நீயும் வா."

அது எங்களுடையதைவிடப் பெரியது. நடுவில் ஓர் இடம் காட்டினார்கள். நானும் அப்பாவும் தோளைக் கொடுத்தோம். சேற்றுநீர் முதுகில் வழிந்தது. எத்தனை கிலோ இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.