ஒரு அண்டா பிரியாணியும் ஒரு சொம்பு கூழும்

மருமக்களே, இந்த உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று சகல மரியாதைகளுடனும் உறுதியளிக்கிறேன். மீறி நம்பினால் மாமா பொறுப்பல்ல.

2009 மே, அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஞாயிறு. பர்மாவின் அரக்கானிலிருந்து தப்பிவந்த ரோஹிங்கியா குடும்பம் ஒன்று கேளம்பாக்கம் பக்கம் ஒரு கொட்டகையில் இருக்கிறது என்று கோவளத்து ஆட்டோக்காரர் சலீம் போன் செய்தார். கணவர் நூருக்கு அடிபட்டதில் ஒரு பக்கம் விளங்காது, பேச்சும் போய்விட்டது. மனைவி ஹமீதா, இரண்டு மகள்கள். "இன்னா முடியுமோ எட்துனு வா அண்ணாத்த" என்றார் சலீம். விருந்தாளிக்குக் கஞ்சியா கொடுப்பது? செங்கல்பட்டே மணக்கும்படி வீட்டில் ஒரு அண்டா பிரியாணி செய்யச் சொன்னேன்.

வழி கேட்பவர்களுக்கு: செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் பஸ், அங்கே மாறிக் கேளம்பாக்கம். காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம். கண்டக்டர் அண்டாவுக்கும் முழு டிக்கெட் கேட்டார். நியாயம்தான், அது என்னைவிடக் கனம். திருப்போரூர் தாண்டியதும் தார் உருகி ஓட, பஸ் படகாகிவிட்டது. டிரைவர் பயணிகளிடம் துடுப்பு கேட்டார். எனக்கு ஒரே கவலை, பிரியாணி ஊசிப்போய்விடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மோந்தேன்.

கேளம்பாக்கத்தில் சலீம் ஆட்டோவோடு நின்றார். கொட்டகைக்கு நாற்பது ரூபாய். அண்டாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்த, நீயுமா? காலைலேர்ந்து நாலு பிரியாணி வந்துகீது!"

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், உண்மையில் நாலு சட்டி வரிசையாக இருந்தது. ஞாயிறு என்றால் எல்லாருக்கும் ஒரே ஞானம். மகள்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நூர் சுவரில் சாய்ந்திருந்தார், உதடு வெடித்து. ஹமீதா தெரிந்த உருதுவில் மெல்லச் சொன்னதை, வீட்டில் உருது பேசும் சலீம் எனக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலில் விளையாட்டு போய்விட்டது.

"ஒரு பருக்கை உள்ள போனாலும் மூச்சு அடைக்குதாம். தண்ணி குட்த்தா புரையேறுது. கொழகொழன்னு கஞ்சிதான் எறங்கும். ஸ்டவ்வுல மண்ணெண்ண இல்ல, ரேஷன் கார்டும் இல்ல. நேத்து மத்தியானத்துலேர்ந்து வெறும் வயிறு."

"கேட்கவேண்டியதுதானே?"

"அம்மாம் ஆசையா எட்துனு வந்தாங்க, எப்டி கேக்கறதுன்றாங்கோ."

ஐந்து பிரியாணி இருக்கும் வீட்டில் ஒரு மனிதர் பட்டினி. அண்டாவோடு ஆட்டோவில் ஏறினேன். அந்த ஆட்டோ போன வேகத்தில் கோவளத்துக் கடல் பயந்து இரண்டடி பின்வாங்கியது. சாலையோரக் கூழ் வண்டி அம்மாவிடம் நிறுத்தினோம்.

"ஒரு சொம்பு கூழு. இந்தா, ஒரு அண்டா பிரியாணி."

"இன்னாய்யா, வெயிலு மண்டைல ஏறிகிச்சா? அண்டாவுல பாம்பு கீம்பு கீதா?"

சலீம் விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா சொம்பை எடுத்தார். வெங்காயம் போடவில்லை. "நொய்யி கெடக்குமே நைனா, அடைச்சிக்குமே" என்று டீக்கடையிலிருந்து புது வடிகட்டி வாங்கிவரச் சொல்லி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இரண்டு முறை வடித்தார். எனக்கு அது இரண்டு யுகம்.

திரும்பியபோது நூரின் கண் மூடியிருந்தது. ஹமீதா அவரை நிமிர்த்திப் பிடித்து, அரைக் கரண்டி கூழை வாயில் வைத்தார். தொண்டைக் குமிழ் மேலே ஏறி அப்படியே நின்றது. மகள்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். சலீம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இருமல் வரப்போகிறது என்றே நினைத்தேன்.

வரவில்லை. நூர் கண்ணைத் திறந்து கரண்டியைத் தேடினார்.

நீங்களும் இப்படிப் போவதானால், யாரால் எதை விழுங்க முடியும், அடுப்பெரிக்க என்ன இருக்கிறது என்று போனிலேயே கேளுங்கள். வீட்டுக்காரம்மாவிடமே கேளுங்கள். அவர்களாக வாய் திறக்கமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலும் குடையும் அவசியம், அண்டா அநாவசியம்.

படகான பஸ், பயந்த கடல், மணந்த செங்கல்பட்டு எல்லாம் மாமாவின் கைங்கரியம். தள்ளிவிடுங்கள். அந்த முதல் அரைக் கரண்டி இறங்கியது மட்டும் நிஜம்.