ஸ்டெல்லாவின் நாக்கு குழறிய ஞாயிறு

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் சாட்சி. நான் கெட்ட செபம் செய்தவள். அதையும் ஆண்டவர் கேட்டார்.

என் பெயர் மேரி. ஓமலூர்ப் பக்கம் எங்கள் பங்குக் கோயில். இருபத்திரண்டு வருடம் ஞாயிறு திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தேன். எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது. மூன்று வருடங்களுக்கு முன் எழுத்துகள் நடுவில் அழிய ஆரம்பித்தன. ஆளைப் பார்த்தால் தோள் தெரியும், முகம் தெரியாது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாசகத்தைப் பிடுங்கிவிடுவார்களே!

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். சனிக்கிழமை வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்வேன். மறுநாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிப்பேன். நம் ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்று என்பது உங்களுக்குத் தெரியும். தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு அவர் வேறு வருடத்துப் பக்கத்தைப் புரட்டி வாசித்துக் கொடுத்துவிட்டார். நானும் அதையே கணீரென்று ஒப்பித்தேன். செல்போனில் வாசகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். எனக்கு அதுவும் தெரியவில்லை.

ஃபாதர் கோபப்படவில்லை. "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா" என்றார். அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா வாசித்தாள்.

ஸ்டெல்லா அடுத்த தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த திருச்செங்கோட்டுப் பெண். நன்றாக வாசித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புள்ள என்னமா வாசிக்குது!" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். வயிறு பற்றி எரிந்தது. அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதில் இரண்டு நல்ல கண்கள் இருக்கின்றன என்று தெரியும், போதாதா? கடைசி பெஞ்சுக்கு மாறினேன். மூன்று மாதம் அவள் வாசித்த ஒரு வாசகமும் என் மனதில் இறங்கவில்லை. எங்கே தப்பு விடுவாள் என்றே காத்திருந்தேன். கோயில் வளாகத்தில் மாதா சுரூபம் இருக்கும் கெபியில் முழங்காலிட்டு, "மாதாவே, எனக்குக் கண் வராவிட்டால் போகட்டும். அவள் நாக்கு ஒரே ஒரு தடவை குழறட்டும்" என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன்.

பெந்தகோஸ்து திருநாள் வந்தது. அன்றைய வாசகத்தில் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களாக வரும். ஸ்டெல்லா மூன்றாவது பெயரிலேயே தடுக்கினாள். திரும்பத் தொடங்கினாள், திரும்பக் குழறினாள். எனக்கு உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி! திருப்பலி முடிந்ததும் மாதாவுக்கு நன்றி சொல்ல ஒரு மெழுகுவர்த்தியோடு கெபிக்குப் போனேன்.

அங்கேயே வந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். குரலில் அழுகை இருந்தது. ஸ்டெல்லா.

"ஏனுங்க அக்கா, அந்தப் பேரையெல்லாம் நீங்க எப்படிங்க தடங்கலில்லாம சொல்லுவீங்க? எனக்குச் சொல்லித் தாங்க."

"பார்த்துப் படிச்சா வரும்" என்றேன் வெடுக்கென்று.

"உங்களால பார்த்துப் படிக்க முடியலைன்னு எனக்குத் தெரியுங்க அக்கா. எங்கப்பாவும் இப்படித்தான் தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்ப்பாருங்க. இப்ப பேப்பர் படிக்கறாரு. அஸ்தம்பட்டில கொறை பார்வைக்காரங்களுக்குன்னே ஒரு எடம் இருக்குதுங்க. நாளைக்கே போலாம், வாங்க."

தெரிந்தும் மூன்று மாதமாக அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானோ கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

அஸ்தம்பட்டியில் எனக்குப் புதுக் கண் தரவில்லை. இருக்கிற ஓரப் பார்வையை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தை நேராகப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் வெட்டிய கறுப்பு அட்டை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் சரளமாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மேலும் பொறாமைப்பட்டேன், என் புத்தி அப்படி! எனக்கு ஒரு வரி வர இரண்டு வாரம் ஆனது. மாதக்கணக்கில் பழகினேன். ஸ்டெல்லா வாசகங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்து தருவாள். நான் அவளுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு நாள் என் வேண்டுதலை அவளிடமே சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டாள். "அப்ப உங்க செபம் பலிச்சிருச்சுங்க! இனி நல்லதா ஏதாச்சும் கேளுங்க அக்கா."

இந்த வருடம் பெந்தகோஸ்து வாசகம் நான் வாசித்தேன். கண்ணால், வரி வரியாக. மெதுவாகத்தான் போனது. ஒரு பெயரும் குழறவில்லை. மற்ற ஞாயிறுகளில் ஸ்டெல்லா வாசிக்கிறாள். அப்போது இன்னமும் எனக்குள் லேசாகச் சுருக்கென்கிறது. மறைத்து என்ன பயன்?

அன்பானவர்களே, மனம் சுத்தமான பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பொறாமைதான் இருக்கிறதா, அதையே கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் வையுங்கள். நான் ஸ்டெல்லாவின் நாக்கு குழறத்தான் கேட்டேன். அவர் அவளையே என்னிடம் அனுப்பினார்.