ஆதிலா அமைதியாக இருந்த நாள்

என் மதினி சுஹைரா கடலுக்கும் பயப்படமாட்டாள், பேய்க்கும் பயப்படமாட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் மட்டும் பயந்து சாவாள். அவள் புருஷன், என் கூடப்பிறந்த நானா, அவருக்குக் கட்டாரில் வேலை. கிண்ணியாவில் எட்டு வயது மகள் ஆதிலாவோடு அவள் தனியாகக் கிடந்து மல்லுக்கட்டுகிறாள். கோபம் வந்தால் ஆதிலா கதிரையைத் தள்ளுவாள், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பாள், பிறகு மேசைக்கடியில் ஒளிந்திருந்து அழுவாள். மற்ற நேரம் தங்கமான பிள்ளை. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வளர்ப்புச் சரியில்லை என்று சொல்ல மட்டும் ஊரில் எல்லாருக்கும் வாய் இருக்கிறது.

போன மாதம் பள்ளிக்கூட அதிபர் போன் எடுத்தார்.

"செவ்வாய்க்கிழம கல்வி அலுவலகத்தால ஒரு சேர் வாறார், உங்கட மகளப் பாக்க. நீங்களும் வாங்க."

அவ்வளவுதான். எதற்கு வருகிறார் என்று அந்த மனிதர் சொல்லித் தொலைக்கவில்லை. இவளும் பயத்தில் கேட்கவில்லை. பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தத்தான் வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். வகுப்பில் ஆதிலா மேசையில் தலை சாய்த்திருந்தாள். ஒரு சத்தமில்லை. அதிபருக்கு வாயெல்லாம் பல். வந்திருந்த யோகலிங்கம் சேர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மதினியிடம் திரும்பினார்.

"பயப்படாதேங்கோ அம்மா. பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து உதவ ஒரு ரீச்சர் போடலாமோ எண்டு பாக்கத்தான் வந்தனான். ஆனா பிள்ளை நல்ல அமைதியா இருக்கிறா. தேவை இருக்கிறமாதிரித் தெரியேல்ல."

மதினியின் முகம் வெளுத்துப் போயிற்று.

"ஆதிலா," என்று சேர் கூப்பிட்டார். எழும்பவில்லை. தோளைத் தட்டினார். தலை மட்டும் ஒரு பக்கம் சரிந்தது.

"மதினி, புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?" என்றேன்.

"தடிமன் பாணி, அந்த நித்திரை வாற சளி மருந்து," என்றாள் என் காதுக்குள். "சொன்னா புள்ளையப் பறிச்சிருவாங்க அசனா. பொலிசுக்குக் குடுத்துருவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன். ஆனால் பொலிஸ் என்றதும் நானும் பயந்து சேரைத்தான் பார்த்தேன். சேர் மறுபடி தட்டினார். பிள்ளை அசையவில்லை. அதற்குமேல் மதினியால் தாங்க ஏலவில்லை.

"நான் மருந்து குடுத்துட்டன் சேர்! அடங்கி இருக்கட்டும் எண்டு கூடுதலாக் குடுத்துட்டன்!"

சேரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வரைக்கும் மதினி பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்திருந்தாள். "மூச்சு வருதா? நீ பாரு, நீ பாரு," என்று என்னைப் பிடுங்கினாள். வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்தோம்.

பயமில்லை என்றார் டொக்டர். யாருக்குப் பயமில்லை? சேர் வார்ட் வாசலிலேயே நின்றார். பொலிஸ் வரட்டும் என்றுதான் நிற்கிறார் என்று நினைத்து மதினி பிள்ளையின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் நேரம் ஆதிலா கண் திறந்தாள். கையில் ஏற்றியிருந்த சேலைனைக் கண்டதும் போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல்! தண்ணீர்க் கோப்பை பறந்தது. உம்மாவின் கையைக் கவ்விக் கடித்தாள். தாதி பிடிக்க ஓடி வந்தார்.

"விடுங்க, புடிக்காதீங்க!" என்றாள் மதினி. "கத்து மகள், நல்லாக் கத்து. யா அல்லாஹ், என்ட புள்ள கத்துறா!"

இரத்தம் வந்த கையை அவள் இழுக்கவேயில்லை.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற யோகலிங்கம் சேர் உள்ளே வந்தார்.

"இனி ஒண்டும் குடுக்க வேண்டாம் அம்மா. ரீச்சர் வேணுமெண்டு நான் எழுதுறன்."

மதினிக்கு ரீச்சர் என்றது காதில் விழவேயில்லை.

"புள்ள என்னோடதானே இருப்பா, சேர்?"

"ஓம் அம்மா. உங்களோடதான்."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.