அண்ணனின் ஈரல்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரே அவருக்கு ஆகாது. சின்னவர் என்று ஒருவர் இருந்தால் பெரியவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டுமே. அந்தப் பெரியவர், கூடப்பிறந்த அண்ணன், நேர் எதிரே கடை வைத்திருந்தார்.

இருவருக்கும் ஒரே தொழில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அவர்களுடைய அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில் மூலைக்கடை அண்ணனுக்குப் போனது, வெயில் அடிக்கும் குடோன் தம்பிக்கு வந்தது. அன்றோடு பேச்சும் நின்றது. மாமா விடிந்ததும் கடை திறந்துவிடுவார். பெரியவர் வெயில் ஏறிய பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு வருவார். அப்படியும் கூட்டம் அங்கேதான்.

"குடிச்சுக் கெட்டிருந்தாலாவது மனசு ஆறும். அந்தப் பழக்கமும் இல்ல அவனுக்கு" என்பார் மாமா, தட்டில் கை வைத்தபடி. சாப்பிடும்போதாவது அந்த மனுஷனை விட்டுவிடச் சொல்வாள் அக்கா.

முதலில் மாமாவின் கால்தான் மரத்தது. ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடக்க, ஒற்றைச் செருப்போடு கடைவரை போயிருக்கிறார். பிறகு விரல் நுனிகள். காயில் கட்டுகிறவருக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். மயிரிழை போன்ற செம்புக் கம்பியை விரலிடுக்கில் ஓடவிட்டு, இழுப்பு கூடுகிறதா குறைகிறதா என்று விரலே சொல்ல வேண்டும். அவருடைய விரல் சொல்வதை நிறுத்திவிட்டது. கம்பியின் மேல்பூச்சு உரசிப்போனது தெரியாமல் கட்டிக் கொடுத்த மோட்டார்கள் இரண்டாம் நாளே புகைந்து திரும்பி வந்தன. திரும்பி வந்தவை எல்லாம் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போயின. மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். உயிர்வேதியியல் படித்துவிட்டு அங்கே சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஊரில் அம்மா என்னை டாக்டர் என்றே சொல்லிவருகிறாள், நானும் திருத்துவதில்லை. மாமாவின் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து எடுத்த துளிக் கொழுப்பில் சிவப்புச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தார்கள். அதற்கென்றே உள்ள தனி வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு பச்சையாக மின்னியது. அமிலாய்டு, மடிப்புக் கெட்ட புரதம் உடம்பில் படிகிற நோய். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புரதம் என்பது நீளமான ஒரு இழை என்று மாமாவுக்கு அவருடைய பாஷையிலேயே சொன்னேன். அது இப்படித்தான் மடிய வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். ஈரல் செய்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம் நான்கு நான்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றிவரும். மாமாவின் உடம்பில் அந்த இழையில் ஒரே ஒரு கண்ணி மாறிப் பிறந்திருக்கிறது. அதனால் நான்கும் பிடி தளர்ந்து பிரிகின்றன. பிரிந்தவை மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நாராகி நரம்பில் போய்ப் படிகின்றன. இன்று நரம்பு, நாளை இதயம்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "இது அப்பாகிட்டேருந்து வந்ததா?"

ஆமாம் என்றேன். அவருடைய அப்பாவுக்கும் கடைசியில் கால் மரத்துத்தான் போயிருந்தது. சர்க்கரை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வரலாம், வராமலும் போகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு.

"அப்ப அவனுக்கு?"

அதுதான் சிக்கலே. படிவதை நிறுத்த மாத்திரை உண்டு, ஆனால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது வருவதில்லை. ஈரலை மாற்றினால் கெட்ட இழை வருவது நிற்கும், அதையும் இதயத்தைத் தொடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். ரத்த வகை பொருந்துகிற ஒரே ஆள் அண்ணன். அவருக்கும் இதே கோளாறு இருந்தால் அந்த ஈரல் உதவாது.

அக்கா போய்ச் சொன்னதும் பெரியவர் மறுபேச்சில்லாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். முடிவு வரும்வரை மாமா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் கடையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதிர்க்கடையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவனுக்கும் இருக்குன்னு வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தேன் மாப்ள. ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறந்தான், அப்படி வந்தா நான் செத்துருவேன்னு ஞாபகம் வந்துச்சு."



அண்ணனுக்குக் கோளாறு இல்லை என்று வந்தது. அக்கா அழுதாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "இதுலயும் அவன்தான் பாஸ்" என்றார்.

ஆனால் ஈரலைக் கேட்க வேண்டியது இனிமேல்தான். தருகிறவர் முழுமனதோடு தர வேண்டும், முதலில் அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்தத் தெருவைக் கடக்க மாமாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. தூது போகிறேன் என்றேன், முறைத்தார். கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போனார். பெரியவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அப்பா குடுத்ததுல நல்லதெல்லாம் உன்கிட்டதான் இருக்கு. ஈரல் உட்பட" என்றார் மாமா. கேட்கிற குரலா அது, சண்டைக்கு இழுக்கிற குரல்.

பெரியவர் நிமிரவில்லை. "டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு. பெரிய துண்டு உனக்காம், சின்னது எனக்காம். இதுக்கும் ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பியா?" என்றார். பிறகு காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். மாமா உட்கார்ந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நரம்பில் ஏற்கெனவே படிந்தது போகவில்லை, விரல் மரத்தது மரத்ததுதான். ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை, இதயமும் தப்பியது. வெட்டிய ஈரல் இருவருக்கும் திரும்ப வளரும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் ஸ்கேன் வந்த அன்று மாமா தன்னுடையதைப் பார்க்கவே இல்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவனுக்கு எவ்வளவு வளந்திருக்கு?"